நின்றால் விசில்

விசில் சத்தம் முதலில் வந்தது. குரல் பின்னாலேயே வந்தது.

"நிக்காதீங்க!"

போட்டோகிராபர் ஒன்மோர் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே காலை மட்டும் எடுத்து வைத்தார்.

"நடக்கறேன் மேடம், நடக்கறேன்."

"நடக்கறவங்க ரோட்டைப் பாத்து நடப்பாங்க. நீங்க அடுத்தவங்க மாடியைப் பாத்துல்ல நடக்கறீங்க!"

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லையே மேடம். இருக்கறவங்க எல்லாரும் மாடியிலதான் இருக்காங்க."

காவலர் அம்மாள் விசிலை வாயிலிருந்து எடுத்தார். சிரிப்பை அடக்க அவருக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

ஊரடங்கு. உடம்புக்காக வீட்டைச் சுற்றிக் கொஞ்ச தூரம் நடக்கலாம், அதற்குத் தடையில்லை. நிற்கத்தான் தடை. ஒருவர் நின்றால் இன்னொருவர் நின்று பேசுவார், இரண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆள் என்ன ஏது என்று கேட்க வருவார். அந்தத் தெருக்களுக்குப் பொறுப்பான காவலர் அம்மாள் இந்த விஷயத்தில் கறார். யார் கால் ஓய்ந்தாலும் விசில்.

ஒன்மோர் என்பது கல்யாண வீடுகள் கொடுத்த பட்டம். மனிதர் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் திருப்திப்பட மாட்டார். "ஒன் மோர்" என்பார். மாப்பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டாலும் "ஒன் மோர்". தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூட அதைத்தான் முணுமுணுக்கிறார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள்.

இப்போது கல்யாணங்கள் இல்லை. ஸ்டுடியோ ஷட்டர் இறங்கிவிட்டது. படம் எடுக்கப் பின்னால் தொங்கவிடும் அருவித் திரையை மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டிவிட்டாள். தினமும் காலையில் அருவியை விலக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்த மனிதருக்கு, நாலாம் நாள் கை நமநமவென்று அரித்தது. காமிராவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் எடுத்ததெல்லாம் குப்பை. நடந்துகொண்டே எடுத்தால் வேறென்ன வரும்?

ஆல்பம் தயாரிப்பது மனைவியின் வேலை. படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். "யாருங்க இது?"

"எதிர்வீட்டு டெய்லர். செடிக்குத் தண்ணி ஊத்தறார்."

"நான் ஆவின்னு நினைச்சேன். ரெண்டு தலை இருக்கே?"

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒன்மோர் விடவில்லை. நடந்து நடந்து பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு கால் தரையில் பதிந்த பிறகு, அடுத்த கால் கிளம்பும் முன், உடம்பு இம்மியும் ஆடாத ஒரு நொடித் துண்டு வருகிறது. அந்தத் துண்டில் பட்டனை அமுக்கினால் படம் கண்ணாடி மாதிரி விழுகிறது. அதற்காக அவர் பழகிக்கொண்ட நடை கொக்கு நடை. தெருவே பால்கனியில் நின்று ரசித்தது. ரசித்தவர்களை எல்லாம் அவர் எடுத்தார். கத்தரிக்கோலை ஆட்டிக் காட்டும் டெய்லர், குப்புறக் கவிழ்த்த அண்டாவில் தாளம் பழகும் பல் டாக்டர், ஒரே பால்கனிக்காகச் சண்டை போடும் அக்கா தங்கை. மனைவி படங்களை அவரவர் போனுக்கு அனுப்பினாள். மறுநாளிலிருந்து எல்லோரும் தலைவாரிக்கொண்டு பால்கனிக்கு வந்தார்கள்.

சட்டப்படி நிற்கக்கூடிய ஒரே இடம் மருந்துக்கடை வரிசை. அதனால் தலைவலி இல்லாத நாளிலும் ஒன்மோர் மனைவியோடு அங்கே போய் நின்றுவிட்டு வருவார். அன்றும் போனார்.

கவுண்டரில் இருந்த பெண் மாத்திரையை எடுத்துக் கொடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு எனக்குக் கல்யாணம்."

"அடடே, ரொம்ப சந்தோ... எது, நாளைக்கா?"

"அவர் நர்ஸா இருக்கார். நாளான்னைக்கு உள்ளே போனார்னா ஆஸ்பத்திரியிலயே தங்கி வேலை பாக்கணும். எப்ப வெளியே விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு நாள்தான் லீவு. பதிவு ஆபீஸ்ல நேரம் கேட்டோம், கிடைச்சிடுச்சு."

"அதுக்கு ஏம்மா அழற மாதிரி சொல்றே?"

அவளுடைய அப்பா கப்பலில் சமையல்காரர். கப்பல் நடுக்கடலில் நிற்கிறது. எந்தத் துறைமுகமும் யாரையும் இறங்க விடவில்லை.

"நான் பொறந்தப்ப அப்பா கடல்ல. பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப கடல்ல. முதல் சம்பளம் வாங்கினப்பவும் கடல்தான். இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறார் அண்ணே. 'சம்மதம்னு நீ சொல்றப்ப உன் முகம் எப்படி இருக்கும்னு நான் பாக்கணும்'னு."

"வீடியோ கால் போட்டுட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அங்கே நெட் ஆமை மாதிரி ஊர்ந்து வரும் அக்கா. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒரே ஒரு சின்னப் படம் போகும். அவ்வளவுதான்."

"சரி, படம் எடுத்துடலாம். இதுல என்ன கஷ்டம்?" என்றார் ஒன்மோர்.

கஷ்டம் இருந்தது. உள்ளே ஐந்து பேருக்கு மேல் கூடாது. பதிவாளர் அம்மாள், பெண், மாப்பிள்ளை, சாட்சிகள் இரண்டு பேர். முடிந்தது. போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எல்லோரும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். சம்மதம் சொல்லும்போது மட்டும், சொல்வது யார் என்று தெரிவதற்காக, இறக்கலாம். சொன்னதும் ஏற்றிவிட வேண்டும்.

"அப்ப ஒரே ஒரு வார்த்தை நேரம்தான் முகம் தெரியும்," என்றார் ஒன்மோர்.

"இவரையே சாட்சியாப் போட்டுடேன்மா," என்றாள் மனைவி.

"சாட்சி பேரெல்லாம் போன வாரமே கொடுத்தாச்சு அக்கா. எங்க அம்மா, அப்புறம் அவரோட நண்பர்."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு அண்ணே. தெருவைப் பாத்த ஜன்னல். காத்துக்காகத் திறந்தே வெச்சிருக்காங்க. ஆனா அந்தத் தெருவுல..."

மூவருக்கும் ஒரே நேரத்தில் விசில் சத்தம் காதில் கேட்டது.

மறுநாள் காலை, பதிவு ஆபீஸ் தெரு.

ஜன்னல் தரைத்தளத்தில் அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே மேஜைக்கு முன்னால் பெண் தெருவைப் பார்த்து நின்றாள். நல்ல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. எல்லாம் பிரமாதம். ஆனால் ஜன்னலைக் கடக்க இரண்டு மூச்சு போதும். கடந்துவிட்டால் சுவர்தான். தெருமுனையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காவலர் அம்மாள்.

"மேடம், போன வழியிலயே திரும்பி வரலாமா?"

"தாராளமா. நிக்கக் கூடாது."

ஒன்மோர் போனார், வந்தார். போனார், வந்தார். கூண்டுப் புலி தோற்றது.

மனைவிதான் திட்டம் போட்டிருந்தாள். அவர் இந்தப் பக்கம் போனால் அவள் அந்தப் பக்கம் நடப்பாள். யாராவது ஒருவர் எப்போதும் ஜன்னல் பக்கம் இருப்பார். பதிவாளர் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததும் அவள் சிக்னல் கொடுப்பாள், அவர் பாய்ந்து வருவார்.

"என்ன சிக்னல்?" என்று அவர் கேட்டிருந்தார்.

"லேசா இருமறேன். யாருக்கும் சந்தேகம் வராது."

ஊரே இருமலுக்கு நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் இப்படி ஒரு சிக்னலை அவள் தேர்ந்தெடுத்தாள். அவரும் சரி என்று தலையாட்டினார்! காலம் காலமாகக் கல்யாண மண்டபங்களில் அவர்களுக்குள் இருமல்தான் சிக்னல். பழக்க தோஷம்.

உள்ளே பதிவாளர் அம்மாள் கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். பெண்ணின் கை மாஸ்க்குக்குப் போனது.

மனைவி இருமினாள்.

அப்போது ஒன்மோருக்கு எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். இருமல் காதில் விழுந்ததும் அவர் ஐயோ என்று ஒரு துள்ளுத் துள்ளி நடைபாதையிலிருந்து ரோட்டுக்குத் தாவினார். நாய்க்கு அது விளையாட்டாகப் பட்டது. அது ஒன்மோரை ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. கயிறு ஜன்னல் ஓரத்திலேயே அவர் முழங்காலைக் கட்டிப்போட்டது.

"சம்மதம்," என்றது உள்ளே ஒரு குரல்.

கிளிக்!

படத்தில் ஒரு மின்விசிறி இருந்தது. அதுவும் பாதி.

மாஸ்க் மேலே ஏறிவிட்டது. பதிவாளர் அம்மாள் பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், முடிந்தது. கப்பலில் ஒருவர் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பார். அவருக்கு மின்விசிறியையா அனுப்புவது?

ஒன்மோர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார். இத்தனை வருடம் வாயில் ஊறிய வார்த்தை ஜன்னல் வழியாகத் தானே பாய்ந்தது.

"ஒன் மோர்!"

ஐந்து மாஸ்க்குகள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தன.

"யாருங்க அது?" என்றார் பதிவாளர் அம்மாள்.

"மேடம், அது எங்க அண்ணன்," என்றாள் பெண், சட்டென்று.

"அண்ணனா? ஏன் நாயோட கட்டிப் போட்டிருக்கு?"

பெண்ணின் அம்மா முன்னால் வந்தாள். "மேடம், இவ அப்பா கடல்ல மாட்டிக்கிட்டிருக்கார். இவ சம்மதம் சொல்ற முகத்தை ஒரு படமாப் பாக்கணும்னு கேட்டார். அந்தத் தம்பி அதுக்குத்தான் காலையிலேருந்து நடந்துக்கிட்டிருக்கார். இன்னொரு தரம் கேளுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பதிவாளர் அம்மாள் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"ஒரு தடவை கண்டிப்பா கேக்கணும்னு சட்டத்துல இருக்கு," என்றார் மெதுவாக. "ரெண்டாம் தடவை கேக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லை."

ஒன்மோருக்கு உயிர் வந்தது. அதே நேரம் முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. அவர் நின்றுகொண்டிருக்கிறார்! நாயும் கயிறும் சேர்ந்து நிறுத்திவைத்திருக்கின்றன. விசிலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

விசில் வரவில்லை. காவலர் அம்மாள் குனிந்து நாயின் கயிற்றை அவிழ்த்துப் பெரியவர் பக்கம் வீசினார். ஜன்னலுக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்மோரின் காலைப் பார்த்தார்.

"ஷூ லேஸ் அவுந்து கிடக்கு. கட்டிட்டு நடங்க."

"லேஸா? மேடம், நான் போட்டிருக்கறது செருப்பு."

"அவுந்து கிடக்குன்னு சொல்றேன்ல? தடுக்கி விழுந்தா யார் பொறுப்பு? உக்காந்து நிதானமா கட்டுங்க."

"என்னங்க!" என்று பல்லைக் கடித்தாள் மனைவி. "மேடம் சொல்றாங்கல்ல? கட்டுங்க லேஸை!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று மண்டி போட்டார். ஜன்னல் விளிம்பு சரியாகக் கண் மட்டத்துக்கு வந்தது. காமிராவை அதன் மேல் வைத்தார். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அவர் கை ஆடவில்லை, கால் ஆடவில்லை, உலகம் ஆடவில்லை. காவலர் அம்மாள் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு காலித் தெருவை மிகக் கடுமையாக முறைத்தார்.

பதிவாளர் அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார். "இவரைக் கணவராக ஏற்க உங்களுக்குச் சம்மதமா?"

பெண் மாஸ்க்கை இறக்கினாள்.

திடீரென்று மாப்பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. அவள் பக்கம் எட்டிச் சாய்ந்து கிசுகிசுத்தான். "ஏன் மறுபடி கேக்கறாங்க? முதல்ல சொன்னது செல்லாதா?"

"ஏன், உங்களுக்கு மனசு மாறிடுச்சா?"

"எனக்கு எதுக்கு மாறணும்? உனக்குத்தான் யோசிக்க டயம் கொடுக்கறாங்களோன்னு..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் தளும்ப, ஒரு பக்கமாக வாய் கோணி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"சம்மதம்! சம்மதம்! போதுமா?"

கிளிக்.

ஒன்மோர் காமிராவின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னொண்ணு கேக்கலையா?"

"வேண்டாம்," என்றார். அவர் மனைவி அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை.

"லேஸ் கட்டியாச்சா சார்?" என்றது முதுகு காட்டிய குரல்.

"கட்டியாச்சு மேடம். இறுக்கமா."

"அப்ப நடங்க, நடங்க."

சாயங்காலம் அருவித் திரைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி படத்தைச் சின்னதாக்கிப் பெண்ணுக்கு எப்போதோ அனுப்பிவிட்டாள். பெண் கப்பலுக்கு அனுப்பிவிட்டாள். டீ ஆறிப்போனது. போன் அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில் டம்ளர் கவிழ்ந்தது.

"அண்ணே!" பெண்ணின் குரல் கீச்சென்று வந்தது. "அப்பா பாத்துட்டார்! பதில் போட்டிருக்கார். படிக்கறேன், கேளுங்க."

"படி, படி."

"'பார்த்தேன். சமையல்கட்டில் எல்லோருக்கும் காட்டினேன். கேப்டன் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது, யாரும் திட்டவில்லை. உன் அம்மா எனக்குச் சம்மதம் சொன்னபோதுகூட இப்படிச் சிரிக்கவில்லை என்று அவளிடம் சொல்.'"

"சொல்லிட்டியாம்மா?"

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. அவர் இறங்கட்டும், பேசிக்கறேன்னு சொல்றாங்க. இன்னும் இருக்கு அண்ணே. 'மாப்பிள்ளை முகம் படத்தில் இல்லை. அவர் உன் பக்கம் சாய்ந்ததில் ஒரு காது மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. பரவாயில்லை, நல்ல காது. நீ சொல்வதைக் கேட்கும் என்று நினைக்கிறேன்.'"

ஒன்மோர் தொடையில் தட்டிச் சிரித்தார். மனைவி அருவியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போனுக்குள் பெண் திரும்பி யாரிடமோ கேட்டாள். "ஏங்க, அப்பா எழுதினது கேட்டுச்சா?"

தூரத்தில், அடுத்த அறையிலிருந்து, மறுநாள் டியூட்டிக்குப் பை கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"என்னது? காதுல விழலை, திரும்பச் சொல்லு!"