ஒற்றைப் பூச்சு

விடியுமுன்னே மந்தாரக்குப்பத்துத் தகரக் கொட்டகையில் பாட்டில் உரசும் சத்தம் ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு பேர் நாங்கள். மின்கம்பம் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் தோல் வார்தான் எங்கள் பிழைப்பு. வாரின் முன்பக்கம் சாது. பின்பக்கம்தான் பிசாசு, சொரசொரவென்று பிசிறு பிசிறாய் நிற்கும். அதைச் சுரண்டி, புளியங்கொட்டைப் பசை தடவி, கண்ணாடி பாட்டிலை அழுத்தி உருட்டித் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி பசை, மறுபடி தேய்ப்பு. மூன்று பூச்சுக்குப் பிறகு மெழுகு. தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் அப்படிச் செய்தால்தான் மழையும் வேர்வையும் உள்ளே இறங்காது. இறங்கினால் வார் உள்ளுக்குள்ளேயே அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது.

நான் சடையப்பன், வார் வெட்டுகிறவன். தேய்ப்பில் மலர்கொடிக்கு ஈடு கிடையாது. கடைசித் தேய்ப்பில், பசை காயுமுன், அவரவர் நகத்தால் ஓர் அடையாளம் கீறுவது எங்கள் வழக்கம். மலர்கொடியுடையது இரட்டைப் பிறை. கம்பம் ஏறுகிறவர்கள் வாரைப் புரட்டி, அந்தப் பிறையைத் தேடி எடுத்துக் கட்டுவார்கள்.

ஆடி மாதத்தில் முதலாளி வேலுமணி வந்து, "ஒரு பூச்சு போதும், மெழுகு வேணாம். உள்பக்கத்த எவன் பாக்கப் போறான்?" என்றார். நாங்கள் முணுமுணுத்தோம், செய்தோம். வயிறு இருக்கிறதே! இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

ஐப்பசியில் அடைமழை. கார்த்திகையில், நேற்றுச் சாயங்காலம், காடாம்புலியூரில் ஒரு கம்பத்தின் உச்சியில் வார் அறுந்து குழந்தைவேல் விழுந்தான். எங்களோடு பசை காய்ச்சும் கமலாவின் புருஷன். முதுகெலும்பு போச்சு என்றார்கள். காலையில் கமலா உட்காரும் பலகை காலியாகக் கிடந்தது. யாரும் பாட்டிலைத் தொடவில்லை.

வேலுமணி அறுந்த வாரோடு உள்ளே வந்தார். பின்னால் வேன் டிரைவர் குமரவேல். ஓரத்தில் முந்நூறு வார், எல்லாம் ஒற்றைப் பூச்சு, எட்டு மணிக்கு ஏற்றத் தயாராய்க் கட்டி வைத்திருந்தது.

"இந்தப் பிறை யாருதுடி?"

மலர்கொடி எழுந்து நின்றாள். "என்னுதுதாங்க."

அடுத்த நொடி அந்த வாரே அவள்மேல் இறங்கியது. பக்கிள் புருவத்தைக் கிழித்தது. இரண்டாவது அடி கழுத்தில், மூன்றாவது முதுகில். ரத்தம் கண்ணை மறைக்க அவள் பசைச் சட்டியின்மேல் சாய்ந்தாள்.

"ஒழுங்கா தேய்க்காதது என் தப்புன்னு எழுதிக் குடு. இல்ல, இன்னைக்கே உன்ன உள்ள தள்றேன்!"

"ஒரு பூச்சு போதும்னது யாரு மொதலாளி?" என்றேன் நான்.

"நீ வாய மூட்றா! குமரவேலு, லோடு ஏத்து."

மலர்கொடி சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள்.

"தப்பு எம்மேலயும் இருக்குண்ணா. ஒத்தப் பூச்சுன்னா மங்கலாத்தான் கெடக்கும். என் பிறைக்குக் கீழ மங்கலா இருக்கிறதான்னு ரோசம். ரெண்டு மடங்கு தேய்ச்சிகினே இருந்தேன். மூணு பூச்சு மாதிரி பளபளன்னு ஆயிடிச்சி. அத நம்பித்தான கொழந்தவேலு அண்ணன் கட்டிகினு ஏறிச்சி!" கட்டி வைத்த வார்களைக் காட்டினாள். "இதுங்கள்லயும் அந்தப் பளபளப்பு இருக்கு. போவ உடக் கூடாது. கத்தியக் குடுண்ணா."

கொடுத்தேன். கட்டின் கயிற்றை அறுத்து முதல் வாரை எடுத்தாள். பக்கிள் ஓட்டைக்குக் குறுக்கே ஒரே இழுப்பு. வார் இரண்டாய் விழுந்தது.

"அடி செருப்பால!" என்று வேலுமணி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்து மிதித்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். பல் ஒன்று ஆடியது. விடவில்லை. திலகவதி கத்தியெடுத்தாள். மாடசாமி எடுத்தான். மற்றவர்களும் குனிந்து வெட்ட ஆரம்பித்தார்கள். குமரவேல் தோளிலிருந்த வார்க் கட்டைத் தொப்பென்று கீழே போட்டான்.

"ஏத்துடா நாயே!"

"என் மச்சானும் கம்பம் ஏறுறான் மொதலாளி," என்று சொல்லி வேன் சாவியை டவுசர் பையில் போட்டுக்கொண்டான்.

"ஒருத்தனும் வெளிய வர மாட்டீங்கடா!" வேலுமணி என் பிடியிலிருந்து திமிறி, கத்திக்கொண்டே வெளியே ஓடிப் போலீசுக்குப் போன் போட்டார். கீழே கிடந்த என் கத்தியை எடுத்துக்கொண்டேன். நாங்கள் உள்ளேயே உட்கார்ந்தோம். மூன்று பூச்சும் மெழுகும் இல்லாமல் இந்தக் கொட்டகையை விட்டு ஒரு வார் போகாது. மலர்கொடி எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். பேசி முடிவு செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் கமலா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, புடவையில் காய்ந்த ரத்தத்தோடு. கீழே கிடந்த அறுந்த வாரை எடுத்துப் புரட்டினாள். பிறையைப் பார்த்தாள்.

"நாந்தான் யக்கா தேய்ச்சேன்," என்றாள் மலர்கொடி.

கமலா ஓங்கி ஒரு அறை விட்டாள். மலர்கொடி கன்னத்தைக்கூடப் பிடிக்கவில்லை. யாரும் குறுக்கே போகவில்லை. போக எங்களுக்கு என்ன யோக்கியதை?

"உசுரு இருக்கு. ரெண்டு காலுலயும் உணர்ச்சி இல்ல," என்றாள் கமலா. வெட்டிக் குவித்த வார்களையும் இன்னும் பிரிக்காத கட்டுகளையும் சுற்றிப் பார்த்தாள். கிழிந்த புருவத்தையும் என் வாயையும் பார்த்தாள். அப்புறம் மலர்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்தாள்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தகரக் கதவில் லத்தி தட்டியது. கமலா திரும்பிப் பார்க்கவில்லை. என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கத்தியக் குடு சடையண்ணா. இன்னும் எத்தினி பாக்கி?"