குளிர்பெட்டிக்குள் ஏழு புள்ளிகள்

அச்சகத்தில் பிழை திருத்தும் பணியிலிருந்த ஒருவர், சூரியனையும் அதன் போக்கில் விட்டுவைக்க மனமில்லாதவரானார். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளை எண்ணி, நாள்தோறும் நண்பகலுக்குள், அவர் சேர்ந்திருந்த வானியல் ஆர்வலர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாள் இடைவிடாமல் எண்ணியவரே முழுப் பார்வையாளர். ஒருநாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவரோ முற்பகல் முழுதும் அச்சகத்தில் அடைபட்டிருப்பவர். எனவே, தொலைநோக்கி கொல்லையிலும் அதை இயக்கும் கை அச்சகத்திலும் இருப்பதென முடிவாயிற்று.

கொல்லையில் நிற்கும் கருவிக்கு மழையும் தூசியும் அண்டாத கூடு தேவை. கடையில் கிடைத்த கூடு தொலைநோக்கியைவிட விலை மிகுந்தது. ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் மைத்துனர், உயிர்விட்ட ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்து மல்லாக்கப் படுக்கவைத்தார். அதன் கதவே கூரையாயிற்று. கதவின் ரப்பர் பட்டை மழையைத் தடுத்தது. பழைய கார் ஒன்றின் கண்ணாடியை ஏற்றி இறக்கிய மோட்டார், கதவைத் தூக்கும் பதவி பெற்றது. விளிம்பில் பொருத்திய மழை உணரியின்மீது ஒரு சொட்டு விழுந்தாலும் கதவு தானே மூடிக்கொள்ளும்.

"மாமா, முட்டை வைக்கிற தட்டைக் கழட்டணுமா? நட்சத்திரம் கிட்சத்திரம் மாட்டுச்சுன்னா அடுக்கி வைக்கலாமே!" என்றார் மைத்துனர்.

"வாயைக் குறைச்சுட்டு அடியில ரெண்டு ஓட்டை போடுப்பா. காத்து போகலைன்னா உள்ளேயே வேர்த்து ஒழுகும்."

"பெரிய புள்ளி சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன!"

கொல்லையில் நிழல் விழாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதன்மீது துணிக்கொடி ஏற்கெனவே ஆட்சி செலுத்திவந்தது. மனைவி கொடியை நகர்த்தவில்லை. கணவர் கூட்டை நகர்த்தவில்லை.

தொலைநோக்கி சூரியனின் உருவை ஒரு வெள்ளை அட்டையில் வீழ்த்தும். அருகிலிருந்த கேமரா அதைப் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பும். இருபத்தெட்டு நாள்கள் எண்ணிக்கை பிசகின்றி நடந்தது. மிக நுண்ணிய பொட்டுகளை மட்டும் அவர் எண்ணவில்லை. எழுத்தை ஒட்டாத பொட்டெல்லாம் அச்சுத்தூசி. அதற்கும் சிவப்பு மை வைப்பவன் கற்றுக்குட்டி என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை.

இருபத்தொன்பதாம் நாள் பதினொன்றரை மணி. சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. கணினித் திரையோ, "மழை. கதவு மூடப்பட்டது" என அறிவித்தது. அவர் வீட்டுக்குத் தொலைபேசினார்.

"அங்க மழையா பெய்யுது?"

"மழையா? போர்வை காயுது." மனைவிக்குத் துணி ஆலையில் கறை பார்க்கும் வேலை, பிற்பகல்தான் புறப்படுவார்.

"அதுலேருந்து சொட்டுது! உணரியைத் துடை, கதவு தானா திறக்கும்."

"கதவு என் போர்வையைக் கவ்விக்கிட்டிருக்கு. இருங்க, இழுத்துப் பாக்குறேன்... ஐயோ!"

"என்ன ஐயோ?"

"போர்வை வந்துடுச்சு. கூடவே கேமரா ஒயரும் வந்துடுச்சு."

நண்பகலுக்கு இருபது நிமிடமே இருந்தது. அச்சகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். இருபத்தெட்டு நாள் உழைப்பும் ஈரப் போர்வையில் ஊசலாடுவதை அவர் உணர்ந்தார்.

"சரி, உணரியைத் துடைச்சுட்டு, கதவு திறந்ததும் நீயே எண்ணு. குழாய்க்குள்ள மட்டும் கண்ணை வெச்சுடாதே! வெள்ளை அட்டையைப் பாரு."

"தெரியும். நானும் பள்ளிக்கூடம் போனவதான்... ஏழு."

"நேத்து அஞ்சுதானே. மத்த ரெண்டும் தூசி."

"தூசின்னா அட்டையிலேயே ஒட்டிட்டு நிக்கணும். குழாயை லேசா அசைச்சேன். ஏழும் சூரியனோட சேர்ந்து நகருது. கறை எது, தூசி எதுன்னு எனக்கே பாடமா?"

அவர் 'ஐந்து' என எழுதினார், அடித்தார், 'ஏழு' என எழுதினார். 'பார்வையாளர்' என்ற கட்டத்தில் தம் பெயரை எழுதக் கை நீண்டது. காணாத ஒன்றைக் கண்டதாக ஒப்பமிட அக்கை ஒருபோதும் பழகியதில்லை. கட்டத்தை வெற்றிடமாக விட்டு அனுப்பினார்.

மாலையில் குழுத் தலைவரின் மடல் வந்தது: "இருபத்தெட்டு நாள்களாகத் தங்கள் எண்ணிக்கை ஏனையோருடையதைவிட ஒன்றிரண்டு குறைந்தே வந்தது. கருவியில் பழுது எனக் கருதியிருந்தோம். இன்று சரியாகப் பொருந்துகிறது. எந்த உறுப்பை மாற்றினீர்கள்?"

அவர் அதை மும்முறை வாசித்தார். அதில் ஓர் எழுத்துப்பிழையும் அகப்படவில்லை. பிறகு, "பார்வையாளரை மாற்றினேன்" என விடை எழுதினார்.

மறுநாள் முப்பது நாள் கணக்கு மனைவியின் பெயரில் ஒன்றிலிருந்து தொடங்கியது. போர்வைகளைப் பிழிந்து, சொட்டாமல் காயப்போடும் பொறுப்பு, அச்சகத்துக்குப் புறப்படுமுன் செய்யத்தக்கதாக, கணவரிடம் ஒப்படைக்கப்பட்டது.