அதோட இன்னொரு வேலை

தெருவில் அவருக்கு "அதோட" என்றே பட்டப்பெயர். குழாய் வேலைக்காரர். கசிவை அடைக்கச் சுவரை உடைத்ததும் வீட்டுக்காரர்கள் மெல்ல வந்து, "அதோட அந்தப் பழைய குழாயையும் பாத்துடுங்களேன்" என்பார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கேட்ட வேலையைத்தான் செய்வேன். கண்டதையும் தொட்டா நல்லா இருக்கறதும் கெடும்" என்று சுவரை மூடிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்படிப்பட்டவருக்கே இதய வால்வு பழுதாகி, டாக்டரம்மாவும் அதே வார்த்தையைச் சொன்னால்?

"வால்வை மாத்த எப்படியும் நெஞ்சைத் தெறக்கப் போறோம். அதோட துடிப்புக் கோளாறையும் பாத்துடலாம். இதயத்தோட மேலறையில மின்சாரம் கண்டபடி ஓடுது. அங்கங்க கோடு கோடாச் சுட்டா, அந்தத் தழும்பு அதை மறிச்சிடும். கொஞ்ச நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்."

"சரியாயிடுமா?" என்றாள் மனைவி.

"நெறைய பேருக்கு ஆகுது. எல்லாருக்கும் ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"வால்வை மட்டும் மாத்துங்க," என்றார் அவர்.

மனைவியின் கண்முன் அவருடைய அண்ணன் வந்து நின்றார். அண்ணனுக்கும் இதே தாறுமாறான துடிப்புதான். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது. இப்போது ஒரு கை விழுந்து, தம்பியைக் கண்டால் பேர் வராமல் அழுகிறார். கண்ணைத் துடைத்துவிடுவது இவள்தான்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "நம்ம சமையக்கட்டுச் சுவர் ஞாபகம் இருக்கா?"

அந்தச் சுவரை அவர் உடைத்தபோது, பக்கத்துக் குழாய் துருப்பிடித்திருக்கிறது, அதையும் மாற்றுங்கள் என்று கெஞ்சினாள். கட்டின பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான். ஒரே வருடத்தில் அந்தக் குழாய் வெடித்து, சுவரை மறுபடி உடைத்தார். நிறம் ஒட்டாத நாலு டைல்ஸ் இன்றும் அங்கே பல்லிளிக்கின்றன.

"சுவரை எத்தனை தடவை வேணும்னாலும் உடைக்கலாங்க. நெஞ்சை எத்தனை தடவை தெறக்கறது? எனக்குப் பயமா இருக்கு. உங்க அண்ணன் மாதிரி உங்களையும் பாக்க என்னால முடியாது."

அவர் திரும்பிப்போய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினார்.

இரண்டு வேலையும் சேர்த்தே ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி என்று துடிப்பு மறுபடி தடுமாறியது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேண்டாம் என்றவரைச் சம்மதிக்க வைத்ததே நான்தானே என்று அழுதாள். "அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தாள்.

"பூச்சு ஈரமா இருக்கறப்பவே சுவத்தைத் தட்டிப் பாக்கக் கூடாது," என்றார் அவர். "தழும்பு இறுக மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் முன்னப்பின்ன இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

இருந்தாலும் போய்க் காட்டினார்கள். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினார் டாக்டரம்மா.

மூன்று மாதம் போனது. மார்பில் கருவி ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்து பார்த்தார்கள். துடிப்பு ஒழுங்காக இருந்தது. அவளுக்கு அன்றுதான் சோறு இறங்கியது.

சாயங்காலம், சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போய் வாஷரை மாற்றினார். போகாமல் அங்கேயே நின்று சுவரைப் பார்த்தார்.

"அதோட இந்த நாலு டைல்ஸையும் மாத்திடறேனே."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அதைத் தொடாதீங்க," என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."