இளைச்சுட்டீங்களே அண்ணி

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிப் போவதில்லை. தங்கள் உடம்பிலிருந்தே ஒன்றிரண்டு கிலோவைக் கழற்றி நோயாளியின் மடியில் வைத்துவிட்டு வருவார்கள். வேண்டாம் என்றால் உறவே முறிந்துபோகும்.

ரஞ்சிதத்துக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, மருந்தும் ஏற்றி முடித்தாயிற்று. முடிகூட முளைத்துவிட்டது. டாக்டரம்மா வெளியூர்க்காரர். "எடை ஏறாமப் பாத்துக்குங்க. ஏறினா இது திரும்பி வர வாய்ப்பு கூடும். அடுத்த தடவை நிறுத்துப் பார்ப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வந்தார்கள் பாருங்கள், சாரை சாரையாக! எதிர்வீட்டார் ஒரு கிலோ, சம்பந்தியம்மா ஒன்றரை. நாத்தனார் சுகந்தி வாசலிலேயே கண்ணைக் கசக்கினாள். "துரும்பா இளைச்சுட்டீங்களே அண்ணி!" என்று இடுப்பிலிருந்து முழுசாக நாலு கிலோவை எடுத்து வைத்தாள். திரும்பிப் போகும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் வேறு.

ரஞ்சிதத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தாள். மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாதிச் சோற்றோடு எழுந்தாள். பாசமாகக் கொடுத்த எடை, இம்மியும் அசைவேனா என்றது. ஆஸ்பத்திரி நாள் நெருங்க நெருங்க பயமும் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். சுகந்தி மட்டும் புதுச் சுடிதாரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஆசையாக் கொடுத்ததைத் திருப்பித் தர்றீங்களே அண்ணி, நல்லாவா இருக்கு?"

"உன் ஆசையைச் சுமந்துக்கிட்டே நான் சாகணுமா சுகந்தி? நான் வாழணும்டி."

சுகந்தி சுடிதாரின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, நாலு கிலோவையும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "காபி போடட்டா? சர்க்கரை இல்லாம" என்றாள்.

ஆஸ்பத்திரி எடை மெஷின் அப்படியும் அரைக் கிலோ கூடவே காட்டியது. நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா நீங்க, பயத்தோடவே ஏறிட்டீங்க! போய் அதை வாசல்ல செருப்புப் பக்கத்துல கழட்டி விட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்து ஏறினாள். எடை சரியாக இருந்தது. "இப்படியே இருங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து பார்த்தால் செருப்பு கிடந்தது. பயத்தைத்தான் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். அங்கே கிடந்த இன்னொருத்தர் பயம் ஒரு சைஸ் சின்னது. ரஞ்சிதம் அதையே மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.