மூன்றாவது தூணின் நிறம்

மதகு திறக்கிற நாட்களில் எனக்கு விடிவதற்குள் வேலை தொடங்கிவிடும். பாலத் தூண்களைச் சுற்றி அடித்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அம்புக்குறிகளால் படம் போட்டு, முக்குளித்துத் தூண்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவன் என் தம்பி.

முன்பெல்லாம் வேகம் கூடினால் அம்பு நீளும். நீண்ட அம்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, படம் சீவாத தலை மாதிரி இருக்கும். அதனால் எல்லா அம்பையும் ஒரே நீளமாக்கிவிட்டு வேகத்தை நிறத்தில் காட்டலாம் என்று முடிவானது. நல்ல யோசனைதான். மெதுவுக்கு வெளிர், வேகத்துக்கு அடர், ஒரே நிறம் போதும் என்றேன். எங்கள் பிரிவின் பெரியவர் கேட்டால்தானே.

"என்னம்மா இது, சோகை பிடிச்ச மாதிரி? வானவில் கலர்ல போடுங்க. மேலிடத்துல காட்டினா பளிச்சுன்னு இருக்கணும்."

அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த வானவில். அடர் நீலத்தில் தொடங்கி, நடுவில் பச்சை, மஞ்சள் எல்லாம் வெளிறி, அடர் சிவப்பில் போய் முடியும். நீலம் என்றால் அடங்கின தண்ணீர். சிவப்பு என்றால் ஆளை அடித்துக்கொண்டு போகிற தண்ணீர். வேண்டாம் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றும் படத்தை அனுப்பிவிட்டு மேசையில் தலை சாய்த்தேன். கண் எரிந்தது. சாயங்காலம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது யார் என்று இன்னும் பேசவில்லை. எப்படியும் என் தலையில்தான் விழும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே என்று தம்பிக்குப் போன் போட்டேன். படகுக்காரர் எடுத்தார்.

"தம்பி இப்பதான்மா இறங்கினான். மூணாவது தூணு."

"மூணாவதா? அங்க இன்னைக்கு இறங்கவே கூடாதே. முதல் தூண்தானே நீலம்?"

"இதுல ஏதும்மா நீலம்? பிரிண்டர்ல கலர் மை தீர்ந்துபோச்சு. கருப்பு வெள்ளையிலதான் எடுத்தோம். ரெண்டு தூணும் ஒரே மாதிரி இருட்டாத்தான் இருக்கு. அடங்கின தண்ணி நீலம், அதுதான் எப்பவும் இருட்டா இருக்கும்னு தம்பி சொன்னான். மேலயும் தண்ணி சும்மாத்தானே கிடக்கு."

நிறத்தை எடுத்துவிட்டால் அடர் நீலமும் அடர் சிவப்பும் ஒரே சாம்பல்தான்.

"இழுங்க. கயித்தைப் பிடிச்சு இழுங்க. அது சிவப்பு."

போன் படகுப் பலகையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு யார் யாரோ ஓடுகிற சத்தம், "விடாதே, விடாதே" என்கிற குரல். இங்கே பெரியவர் டீக் கோப்பையோடு வந்து என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குப் படம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா."

"போங்க சார், தயவுசெஞ்சு போங்க."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளிடம் வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு பயம்.

கடைசியில் இருமல் சத்தம். அப்புறம் அவன் குரல்.

"அக்கா."

"அடி பட்டுச்சாடா?"

"தோள்ல. தூண்ல கொண்டுபோய் மோதிடுச்சு. கயிறு மட்டும் இல்லன்னா போயிருப்பேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"முன்னெல்லாம் கயித்துல கல்லைக் கட்டி இறக்கிப் பார்ப்போம்க்கா, கீழ எப்படி இழுக்குதுன்னு. நீ இந்த வேலைக்கு வந்ததுல இருந்து நான் அதைப் பார்க்கறதே இல்ல. நீ போட்ட படம்தானேன்னு இறங்கிடுவேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் போட்ட படமா இருந்தாலும் இனிமே கல்லை இறக்கிப் பார்த்துட்டு இறங்குடா."

"சரிக்கா" என்றான்.