நீலப் புள்ளி வைத்தவள்

இஞ்ஞாசியம்மாளின் காதை நம்பித்தான் பதினோரு வருஷமாக அந்தப் பட்டறையிலிருந்து சரக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. விருத்தாசலத்தின் செராமிக் பேட்டையில், பொம்மை வார்க்கிறவர்களுக்கும் ஜாடி செய்கிறவர்களுக்கும் நடுவே, தேவநாதன் மின்கம்பத்துக்கான பீங்கான் முட்டைகளைச் செய்துவந்தார். கம்பம் சாயாமல் இருக்க மேலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியின் நடுவில் அந்த முட்டையைக் கோத்திருப்பார்கள். மேலே கரண்ட் ஒழுகினாலும் கீழே இறங்காமல் தடுப்பது அதுதான்.

சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு முட்டையையும் இஞ்ஞாசியம்மாள் கயிற்றில் தொங்கவிட்டு, சின்ன இரும்புக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவாள். நல்ல முட்டை ‘ணங்’கென்று நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ‘டொக்’கென்று அங்கேயே அடங்கிவிடும். நல்லதன் அடியில் நீலப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இல்லாமல் எதுவும் லாரி ஏறாது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் செப்டம்பர் கடைசியில் அது நடந்தது. சூளை ஆற மூன்று நாள் வேண்டும். தேவநாதன் இரண்டாம் நாளே கதவைத் திறக்கச் சொல்லி, எதிரில் பெரிய ஃபேனையும் ஓடவிட்டார். வாசலில் லாரி நின்றது. அன்று நானூறு முட்டைகளில் அறுபது ‘டொக்’கென்றன. அவள் அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தாள்.

தேவநாதன் வந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று பால்போல மின்னியது.

“எங்கம்மா விரிசல்?”

“உள்ள இருக்குது சார். சத்தம் சரியில்ல.”

“கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு காட்டு. அத்தனையும் ஒடைச்சிப் போட்டுடறேன்.”

அவளால் காட்ட முடியவில்லை. இன்னொரு முறை தட்டிக் காட்டினாள். ஃபேன் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. “ஒனக்கு ஜலதோஷம், காது அடைச்சிருக்கும்” என்று சிரித்தார். உண்மையிலேயே அவளுக்கு நான்கு நாளாக ஜலதோஷம்தான். அந்த ஒரு வார்த்தையில் அவள் மனம் ஆடிப்போயிற்று. ஒருவேளை காதுதான் கோளாறோ? லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் பிரஷ்ஷை எடுத்து அறுபதுக்கும் புள்ளி வைத்தாள். அவளே வைத்தாள், யாரும் அவள் கையைப் பிடித்து வைக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, கம்மாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஆன் மேரியைப் பார்க்கப் போனாள். தெருவில் புதிதாகக் கம்பம் நட்டிருந்தார்கள். மகள் வீட்டு ஓரத்துக் கம்பத்தின் ஸ்டே கம்பியிலிருந்து முருங்கை மரம்வரை இரும்புக் கம்பியில் கொடி கட்டி, ஈரத்துணி உலர்த்தியிருந்தாள் ஆன் மேரி. இஞ்ஞாசியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். முட்டையின் அடியில் நீலப் புள்ளி.

 இது நல்லவற்றில் ஒன்றா, அந்த அறுபதில் ஒன்றா? தொரட்டுக்கோலை எடுத்து எம்பித் தட்டிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. அடுத்த கம்பத்திலும் தட்டினாள், அதற்கடுத்ததிலும் தட்டினாள். இழுத்துக் கட்டிய கம்பிக்குள் எல்லா முட்டைகளும் ஒரேபோல ஊமையாக இருந்தன.

மூன்றாவது கம்பத்தின் ஸ்டே கம்பியில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சாமிதுரை சிரித்தார். “என்னாம்மா, முட்டைக்கு ஒடம்பு சரியில்லியா?”

“இல்லீங்க, சும்மா பாத்தேன்” என்றாள்.

மகளிடம் மட்டும் கொடியை அவிழ்க்கச் சொன்னாள். “கரண்டு கம்பத்துல துணி காயப்போடாத. நான் சொன்னா கேளு.”

“ஊரே கட்டுதும்மா.”

“ஊரு கட்டட்டும். நீ கட்டாத.”

அவள் கிளம்புமுன் ஆன் மேரி கொடியை அவிழ்த்துவிட்டாள். சாமிதுரையின் ஆடு அங்கேயேதான் நின்றது.

திங்கட்கிழமை தேவநாதனிடம் போய், “அந்த லோடுலயிருந்து எங்க பொண்ணு ஊருக்கும் போயிருக்குது சார். எடுக்கச் சொல்லுங்க” என்றாள். அவர் மறுநாள் அவளைத் தட்டுகிற இடத்திலிருந்து எடுத்து, மண் பிசைகிற பக்கம் போட்டார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை நாளுக்கு நாள் வலுத்தது. ஓடைகள் ரோட்டின்மேல் புரண்டு பஸ் நின்றுபோனது. அவள் தினமும் கடைத்தெரு போன் பூத்துக்குப் போய், மகள் வீட்டு அருகிலிருந்த மளிகைக் கடைக்குப் போட்டுப் பேசினாள். “கொடி கட்டலியே?” என்பதைத்தான் முதலில் கேட்பாள். ஐந்தாம் நாள் ஆன் மேரியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“அம்மா, சாமிதுரை மாமா செத்துட்டாரு. ஆட்டை அவுக்கப் போனாரு. வழுக்குச்சின்னு ஸ்டே கம்பியப் புடிச்சாரு, அப்படியே…”

மேலே காற்றில் ஒரு கம்பி அறுந்து ஸ்டேயில் விழுந்திருந்தது. முட்டை தடுக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அவள் நடந்தும் டிராக்டரில் ஏறியும் போய்ச் சேர்ந்தாள். ஆட்கள் கழற்றிய முட்டை சாமிதுரை வீட்டு வாசலில் இரண்டாகக் கிடந்தது. விசாரிக்க வந்த மின்வாரிய இன்ஜினியர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த முகத்தில் பாதி புதிதாக, வெள்ளையாக இருந்தது. மறுபாதியில் மழைத்தண்ணீர் முன்பே ஊறி, செம்மண் நிறத்தில் கறை படிந்திருந்தது. தேவநாதன் காட்டச் சொன்ன விரிசல் அது.

“இடி விழுந்து ஒடைஞ்சிருக்கும்” என்றார் கம்பம் நட்ட கான்ட்ராக்டர்.

“இல்லீங்க” என்றாள் இஞ்ஞாசியம்மாள். எல்லாரும் திரும்பினார்கள். “சூளைய அவசரமா தொறந்ததுல ஒடைஞ்சது. கீழ இருக்கிற புள்ளி நான் வச்சது. கெட்டதுன்னு சந்தேகத்தோடதான் வச்சேன்.”

உள்ளிருந்து சாமிதுரையின் மனைவி திரௌபதி வாசலுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகம். குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

“அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு கேட்டாரே, என்னான்னு. அப்பவே தெரியுமா ஒனக்கு?”

“சந்தேகம் இருந்துது.”

“ஒம் பொண்ணுகிட்ட சொன்ன.”

“சொன்னேன்.”

திரௌபதி திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இஞ்ஞாசியம்மாளுக்கு இருந்தது.

அவள் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தால் அந்தப் பக்கத்து முட்டைகளையெல்லாம் கழற்றிக் குவித்தார்கள். மகள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டித் தட்டினாள். சுற்றிலும் ஊர் நின்று கேட்டது. முப்பத்தேழு ‘டொக்’கென்றன; உடைந்து கிடந்ததோடு முப்பத்தெட்டு. ஆன் மேரி வீட்டுக் கம்பத்து முட்டையும் அதில் ஒன்று. அந்தச் சத்தம் வந்தபோது ஆன் மேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாக்கி இருபத்திரண்டு?” என்று இன்ஜினியர் கேட்டார்.

தேவநாதன் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருந்தார். லாரிக்காரனைத் தேடிப் பிடித்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் கொஞ்சம், நல்லூர்ப் பக்கம் கொஞ்சம், இன்னும் எங்கெங்கோ இறக்கியதாகச் சொன்னான். வழியில் நின்ற இடங்களில் கான்ட்ராக்டர்களின் ஆட்கள் யார் யாரோ வந்து வாங்கிப் போனார்களாம், ஊர்ப் பெயர் நினைவில்லையாம்.

இரண்டு ஊர்களிலும் கழற்றித் தட்டினாள். ஏழு கிடைத்தன. மிச்சம் பதினைந்து எந்தக் கம்பத்தில் ஏறின என்று யாருக்கும் தெரியவில்லை.

நவம்பரில் மழை இன்னும் பலமாக வந்தது. மழை இறங்கினால் இஞ்ஞாசியம்மாள் கையில் இருக்கிற வேலை எதுவானாலும் போட்டுவிட்டு எதிரே தெரியும் ஊரை நோக்கி நடப்பாள். நனைந்துகொண்டே தெருத்தெருவாகப் போய், கம்பத்தடியில் நிற்கிறவர்களிடம், “தள்ளி நில்லுங்க, அதத் தொடாதீங்க” என்று சொல்வாள். சிலர் தள்ளி நின்றார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடியே அவளை வேடிக்கை பார்த்தார்கள்.