ஒரு கரண்டி சுமோலோக்

நூருஸ் புத்தாண்டு அன்று பள்ளி முற்றத்தில் முளைகட்டிய கோதுமையில் காய்ச்சும் சுமோலோக் கூழை ஒரு வாயாவது சாப்பிடாதவருக்கு அந்த வருஷம் விளங்காது. எங்கள் கிர்கிஸ் ஊரான நாரினில் இதைச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. என் வகுப்புச் சிறுமி சாய்கால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பதினோரு வயது. மணி அடித்தால் காதைப் பொத்துவாள், யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். திமிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெற்றோர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடையைப் பிடித்துக் கரண்டியைத் திணித்தேன். வாந்தி எடுத்தாள், அலறினாள், மண்ணில் உட்கார்ந்து முழங்காலில் தலையை முட்டிக்கொண்டாள்.

"நானெல்லாம் முழுங்கல? உனக்கு மட்டும் என்ன கேடு?" என்றேன்.

உண்மைதான், நானும் முழுங்கியவள். சின்ன வயதில் கூழைப் பார்த்தாலே குமட்டும், கம்பளிச் சட்டை உடம்பைத் தின்னும். அம்மா அடித்தே பழக்கினாள். எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதைக் கண்ணாடி முன் நின்று கற்றேன். இன்றைக்கும் பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால்தான் எனக்கு உயிர் வரும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுவாரம் ஆசிரியர் பயிற்சியில் ஒரு டாக்டரம்மா ஆட்டிசம் பற்றிப் பேசினார். இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தமும் ருசியும் பல மடங்கு உறைக்கும், அது பிடிவாதம் இல்லை என்றார். பெண்பிள்ளைகள் பலர் இதை மறைக்கப் பழகிவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. வற்புறுத்தாதீர்கள், என்ன கஷ்டம் என்று கேளுங்கள் என்றார். பக்கத்தில் கணக்கு வாத்தியார் கொட்டாவி விட்டார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா சாய்காலைத்தான் சொன்னார், என்னையும் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அந்தக் குமட்டல் எப்படியிருக்கும் என்று அன்றைக்கு அந்த முற்றத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நூருஸிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் திங்கட்கிழமை அவளே வகுப்புக்கு வந்துவிட்டாள், கையில் கூழ்க் கிண்ணத்தோடு. பின்னால் அவள் அம்மா.

"ஒரு வாரமா வீட்ல வச்சுப் பழக்கிட்டேன் டீச்சர். இனிமே உங்க மானத்த வாங்க மாட்டா."

நான் தடுப்பதற்குள் சாய்கால் ஒரு கரண்டியை வாயில் வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது, கண் கலங்கியது. பிறகு தலையை நிமிர்த்தி, முதல்முறையாக என் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்தாள். வகுப்பே கைதட்டியது.

அவள் முன்னால் முட்டிபோட்டேன். "போதும்மா, கீழ வச்சிரு. இனிமே நீ இதச் சாப்பிடவே வேணாம்."

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"நான் சரியாப் பண்ணலையா, டீச்சரக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கரண்டியை அள்ளினாள்.